கசெட்டில் அனுப்பிய அம்மா

மகன்,

இதை நீ வாசிக்கும்போது உனக்கு என்னைவிட வயது கூட இருக்கும். எனக்கு இப்போது பத்தொன்பது நடக்கிறது. பாஸ்போர்ட்டில் இருபத்தைந்து என்று இருக்கிறது. அப்படிப் போட்டால்தான் வீட்டு வேலைக்கு விசா வரும் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். அதனால் இங்கே எல்லோருக்கும் நான் இருபத்தைந்து வயதுக்காரிதான். நீ மீசை வைத்த ஆளாக, ஒருவேளை கல்யாணம் பேசுகிற வயதில் இதைக் கையில் எடுக்கக்கூடும். அப்போது, பத்தொன்பது வயதுப் பெட்டை ஒருத்தி தனக்குப் புத்தி சொல்கிறாளே என்று சிரிக்காதே. எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். சண்டைக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள் என்ற பயத்தில் ஒன்பதாம் வகுப்போடு என் படிப்பை நிறுத்தினார்கள். பிறகு அதே பயத்தில் கல்யாணமும் செய்து வைத்தார்கள். அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் ஆஸ்பத்திரியிலும் இந்த வீட்டிலும்தான். பெயர் போடாமல் எழுதுகிறேன். வேறு யாராவது வாசித்தாலும் பரவாயில்லை. முகம் தெரியாவிட்டால் எனக்குக் கூச்சம் குறைவு.

நான் இருப்பது பஹ்ரைனில், ஈசா டவுனில். வீட்டுக்காரர் தமிழ்நாட்டு ஆட்கள். ஐயா ஒரு கம்பனியில் வேலை. அக்கா ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறார். நிவேதா என்று ஒரு மகள். வந்த புதிதில், தமிழ் ஆட்களின் வீடு, எனக்கு என்ன குறை என்று நினைத்தேன். நான் வாயைத் திறந்ததும் நிவேதா புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தினாள். "அம்மா, இவங்க பேசுறது மலையாளமா?" என்றாள். "சும்மா இருடி, அது சிலோன் தமிழ்" என்றார் அக்கா. அவருக்கும் சிரிப்பு வந்தது. கெட்ட எண்ணத்தில் சிரித்த சிரிப்பு இல்லை. என்றாலும் அன்றிலிருந்து நான் "சரிங்க", "இல்லைங்க" என்ற இரண்டு சொல்லோடு நாளைக் கடத்தப் பழகிவிட்டேன். எல்லோரும் காலையில் போன பிறகு மொட்டை மாடியில் உடுப்புக் காயப்போடும்போது, எங்கள் ஊர்ப் பேச்சில் எனக்கு நானே ஏதாவது சொல்லிக்கொள்வேன். நாக்கு மறந்துவிடக்கூடாது என்ற பயம். மேலே வெயில், கீழே வரிசையாக நிற்கிற கார்கள், பதில் சொல்ல ஒருவரும் இல்லை. உடுப்பு மட்டும் கெதியாகக் காய்ந்துவிடும்.

நீ பிறந்த இடத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். இனி நீ அதைப் பார்ப்பாயோ தெரியாது. எங்கள் கரையோரத்தில், ஆமி நிற்கிற பக்கத்துக்கும் மற்றப் பக்கத்துக்கும் நடுவில், கன்னியாஸ்திரிகள் நடத்திய தரும ஆஸ்பத்திரி அது. சிஸ்டர்மாரின் ஆஸ்பத்திரி என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மேலே பறக்கிறவர்களுக்குத் தெரியட்டும் என்று ஓட்டுக் கூரையில் பெரிதாகச் சிவப்புச் சிலுவை கீறியிருந்தது. கேட்டடியில் உட்கார ஒரு நீள வாங்கு போட்டிருந்தார்கள். தோளில் துவக்கோடு வருகிறவர் எந்தப் பக்கத்து ஆளாக இருந்தாலும் அதைத் தாண்ட முடியாது. பெரிய சிஸ்டர் கட்டையான மனுசி, குரலும் பெரிதில்லை. ஆனால் கேட்டில் வந்து நின்று, "உள்ளுக்குப் பொம்பிளையள் இருக்கினம் தம்பி. அதை வாங்கில வைச்சிட்டு வா, இல்லாட்டி நீயும் அதோட அங்கேயே இரு" என்று சொன்னால் பொடியன்கள் உட்கார்ந்துவிடுவார்கள். கடற்கரைப் பெண்கள், வயல்காரர், முஸ்லிம் பெண்கள், இடம்பெயர்ந்து வந்து கொட்டில் போட்டிருந்தவர்கள் எல்லோரும் அங்கேதான் பிள்ளை பெற்றார்கள். பாதை பூட்டினால் டாக்டரும் வரமாட்டார், மருந்தும் வராது. பழஞ்சேலையை அவித்துக் காயவைத்துக் கிழித்துக் காயத்துக்குக் கட்டினார்கள். புருஷனை இழந்த பெண்கள் பின்பக்கத்து நீளக் கொட்டகையில் பிள்ளைகளோடு தங்கி, ஆஸ்பத்திரிக்குச் சமைத்தும் தைத்தும் சீவித்தார்கள்.

அங்கே ஒரு வழக்கம் இருந்தது. தனியாக வருகிற எந்தப் பெண்ணையும் தனியாகப் பெற விடமாட்டார்கள். அதற்கு முன்னால் பெற்றவள், எழுந்து உட்காரக்கூடிய நிலையில் இருந்தால், அவளுக்குப் பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவள் பெற்றபோது, அவளுக்கு முன்னால் பெற்ற ஒருத்தி அப்படி இருந்திருப்பாள். மருந்துக்கும் கட்டிலுக்கும் அங்கே ஒன்றும் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் துணையிருக்காமல் வீட்டுக்குப் போக முடியாது. காலையில் சிஸ்டர் வார்டுக்கு வந்தால் முதல் கேள்வியே, "இண்டைக்கு ஆர் துணை?" என்பதுதான்.

நான் தனியாகத்தான் போனேன். உன் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. புயலா, சுட்டார்களா, பிடித்துக்கொண்டு போனார்களா என்று இன்றுவரை தெரியாது. வள்ளமும் வரவில்லை, வலையும் வரவில்லை. என் அப்பா அதற்கு முந்திய இடப்பெயர்வில் காய்ச்சலில் போய்விட்டார். அம்மாவை எனக்கு நினைவே இல்லை. அன்று துணையிருக்க வேண்டிய முறை பரமக்காவுக்கு வந்தது. அவருடைய பிள்ளை முதல் நாள்தான் இறந்து பிறந்திருந்தது. நோவோடு வந்தவரை ஆமியின் சோதனைச் சாவடியில் நிறுத்தி வைத்ததால் நேரம் பிந்திவிட்டது. அவரை இந்த முறையில் சேர்க்க வேண்டாம் என்று மற்றப் பெண்கள் சொன்னார்கள். முடியுமா என்று சிஸ்டர் அவரிடமே கேட்டார்.

"பிள்ளை, உனக்கு ஏலுமோ?"

"ஏலாது சிஸ்டர். ஆனா இருக்கிறன்."

வந்து உட்கார்ந்தார். எனக்குக் கத்துவதற்கு வெட்கம். சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு கிடந்தேன். பரமக்கா அதை இழுத்து எடுத்தார். "கத்தடி. பக்கத்துக் கட்டில்காரி கத்தின கத்துக்கு காவலுக்குச் சென்றியில நிண்ட ஆமிக்காரன் தண்ணி குடிச்சிருப்பான். நீ என்ன, கோயில்லயா படுத்திருக்கிறாய்?" பக்கத்துக் கட்டில்காரி அந்தக் களைப்பிலும் சிரித்தாள். நானும் சிரிக்கப் போய் அழுது கத்தினேன். அப்படித்தான் நீ பிறந்தாய். எனக்குக் காய்ச்சல் ஏறிப் பால் சுரக்கவில்லை. பரமக்காவுக்குச் சட்டையெல்லாம் நனைகிற அளவுக்குப் பால். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. அவர் உன்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். நீ குடிக்கும்போது அவர் உன் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. கொஞ்ச நாள் போன பிறகுதான் குனிந்து பார்த்தார்.

மகன், உனக்கும் ஒரு நாள் பிள்ளை பிறக்கும். ஆம்பிளைக்கு இங்கே என்ன வேலை என்று வாசலில் நின்றுவிடாதே. உள்ளே விடமாட்டேன் என்று சொன்னால், உன் மனைவியின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்றாவது கேள். பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி தனியாகக் கிடந்தால் அவளுக்கும் யாராவது இருக்கிறார்களா என்று கேள். உனக்கும் என்னுடைய கூச்சம் வந்திருந்தால் இது கஷ்டம்தான். கூசிக்கொண்டே கேட்கலாம், அதில் தவறில்லை. பரமக்கா ஏலாது என்று சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தார்.

காய்ச்சல் மாறிய பிறகும் நாங்கள் பின்கொட்டகையிலேயே இருந்துவிட்டோம். பரமக்கா சமையலில், நான் சலவையில். அவருடைய புருஷன் வேறு பெண்ணோடு போய்விட்டார். "சண்டை காரணமில்ல, அந்த மனுசனுக்குச் சமாதானத்திலயும் இதுதான் வேலை" என்பார். நீ எங்கள் இருவருக்கும் நடுவில் வளர்ந்தாய். ஆனால் ஆஸ்பத்திரிக் கஞ்சியில் எத்தனை காலம் உன்னை வளர்ப்பது? உனக்கு ஒரு வீடு வேண்டும், பள்ளிக்கூடம் வேண்டும் என்று நினைத்தேன். ஏஜென்சிக்காரன் வந்தபோது, நீ தவழத் தொடங்குவதற்கு முன்னால், உன்னைப் பரமக்காவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். "நீ வரும் வரைக்கும் உன்ட பிள்ளையை உன்ட பிள்ளையாவே வைச்சிருப்பன்" என்று அவர் சொன்னார். அந்தச் சொல்லை அவர் எவ்வளவு கடுமையாகக் காப்பாற்றப் போகிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

இங்கே முதல் சம்பளத்தில் நான் வாங்கியது ஒரு சின்ன டேப் ரெக்கார்டரும் பற்றரிகளும்தான். கல்ஃபுக்கு வந்தவர்கள் குரலைக் கசெட்டில் பதிந்து ஊருக்கு அனுப்புவது பழைய வழக்கம். இப்போது எல்லோரும் போனில் பேசிவிடுகிறார்கள். எனக்குப் போனில் பேச்சு வராது. மற்றப் பக்கத்தில் ஆள் காத்திருக்கிறது என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். மெஷின் காத்திருந்தால் பயமில்லை. வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினேன். "மகன், அம்மா கதைக்கிறன். அம்மா இப்ப வெங்காயம் உரிக்கிறன். அதால மூக்கு உறிஞ்சிற சத்தம் கேக்கும், அம்மா அழேல்ல" என்று தொடங்கி, பெரிய கதை ஒன்றும் இல்லாமல், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். ஊருக்குப் போன ஒரு பெண்ணிடம் அந்த ரெக்கார்டர் பெட்டியையும் கசெட்டையும் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு எனக்கு நிம்மதி. நீ என் குரலைக் கேட்டு வளர்கிறாய் என்ற நினைப்பிலேயே ஒரு கோடை முழுவதும் போயிற்று.

வெள்ளிக்கிழமைகளில் தெருவிலுள்ள ஒரு கடைக்குப் போய் ஆஸ்பத்திரிக்குப் போன் எடுப்பேன். பரமக்கா குசினியிலிருந்து ஓடி வந்து பேசுவார், நான் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்படி ஒரு நாள், பெருமை தாங்காமல் சொன்னார். "பிள்ளை, உன்ட மகன் சரியான கெட்டிக்காரன். அம்மா எங்க எண்டு கேட்டா பெட்டியக் காட்டுறான். பெட்டியக் கட்டிப்பிடிச்சுக் கொஞ்சுறான். பெரிய சிஸ்டரே வந்து நிண்டு பாத்துச் சிரிச்சவ."

நானும் சிரித்தேன். பிறகு, "உங்களை என்னெண்டு கூப்பிடுறான் அக்கா?" என்று கேட்டேன்.

"என்னை ஒண்டும் கூப்பிட மாட்டான். நான் விடேல்ல. முந்தி என்னைப் பாத்து ம்மா, ம்மா எண்டவன். நான் வாயில விரல வைச்சு, அங்க பார் அம்மா எண்டு பெட்டியக் காட்டிக் காட்டிப் பழக்கிப்போட்டன். நீ பயப்பிடாத. உன்ட இடத்தை நான் எடுக்க மாட்டன்."

அவர் சாதாரணமாக இன்னொன்றும் சொன்னார். முந்திய நாள் நீ படியிலிருந்து விழுந்து நெற்றியை அடித்துக்கொண்டாயாம். அழுது அழுது பெட்டியிடம் போனாயாம். அதன் முன்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாயாம். அது உன்னைத் தூக்கவில்லை என்றதும் கோபத்தில் அதை அடி அடி என்று அடித்தாயாம். "பாவம், பிறகு நான்தான் தூக்கினன்" என்றார். என் கையிலிருந்த போன் கார்டு முடிந்துவிட்டது. கடைக்காரர் "இன்னொரு கார்டு வேணுமா?" என்று ஹிந்தியில் கேட்டார். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வெளியே வந்தேன். அவ்வளவு கார்கள் போகிற தெருவில் எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று தெரியாமல் நின்றேன். நல்லதென்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து, உனக்கு இருந்த ஒரு அம்மாவை எடுத்துப் பெட்டிக்குக் கொடுத்திருந்தோம்.

அதைச் சரி செய்வதற்கு முன்னால் சண்டை வந்துவிட்டது. சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் முடிந்து, எங்கள் கரைக்கும் ஷெல் வந்தது. ஆஸ்பத்திரியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சிஸ்டர்மார் நோயாளிகளையும் பிள்ளைகளையும் உள்நாட்டில் உள்ள ஒரு மடத்துக்குக் கொண்டு போகத் தீர்மானித்தார்கள். தாய் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளை அங்கே வைத்திருந்து, தாய் வந்ததும் ஒப்படைப்பார்கள். ஆனால் கொட்டகைப் பெண்களுக்கு அங்கே இடமில்லை. பரமக்காவின் தம்பி ஒருவர் தமிழ்நாட்டில் மண்டபம் முகாமில் இருந்தார். பரமக்கா வள்ளத்தில் அங்கே போவது என்று முடிவெடுத்துவிட்டு என்னைக் கேட்டார். "மடத்தில விடவோ, என்னோட கொண்டு போகவோ? நீதான் சொல்ல வேணும். உன்ட பிள்ளை."

என்னால் போக முடியாது. பாஸ்போர்ட் என் விசாவுக்குப் பொறுப்பான கஃபீலிடம் இருந்தது. அதை வாங்கினாலும் ஊருக்குப் போகிற பாதை பூட்டியாயிற்று. மடத்துக்குப் போனால் நீ கடல் தாண்டாமல் நிலத்திலேயே இருப்பாய். ஆனால் உனக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட அங்கே இருக்காது. பரமக்காவோடு போனால் உனக்கு அவர் இருப்பார்; ஆனால் நடுவில் அந்தக் கடல். உன் அப்பாவைத் திருப்பித் தராத அதே கடல். அதுவும் ஆட்களை நெருக்கி ஏற்றிக்கொண்டு, நேவிக்குத் தெரியாமல் போகிற வள்ளம்.

அன்று சாம்பாரில் உப்புப் போட மறந்துவிட்டேன். அக்கா ஒரு வாய் வைத்துவிட்டு குசினிக்கு வந்தார். "என்ன ஆச்சு உனக்கு? ரெண்டு நாளா பாக்குறேன், ஆளே சரியில்ல." நான் சொன்னேன். எனக்கு ஒரு மகன் இருக்கிறான் என்பதையே அன்றுதான் அவர் முதல் முறையாகக் கேட்டார். "பையனா? உனக்கா?" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு நாளா ஒரு வார்த்தை சொல்லலையே நீ." முழுக்கக் கேட்டுவிட்டு, நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். "கோவிச்சுக்காத. பெத்தவ நீ உயிரோட இருக்க. மடத்துல விட்டா அவன் உன் புள்ளையாவே இருப்பான். அந்தம்மா கூட்டிட்டுப் போனா அவ புள்ளை ஆயிடுவான். நாளைக்கு நீ போய் நின்னா யாருன்னு கேப்பான்."

அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை, மகன். அதனால்தான் அது அவ்வளவு வலித்தது. அந்த வாரம் முழுவதும் சட்டி கழுவும்போதும் வீடு கூட்டும்போதும் அதையே யோசித்தேன். யோசிக்க யோசிக்க, நெற்றி வீங்கி, கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற நீதான் எனக்குத் தெரிந்தாய். மடத்திலும் நீ விழுவாய். யாரிடம் ஓடுவாய்?

வெள்ளிக்கிழமை போன் எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு உரக்க நான் பேசியதில்லை.

"அக்கா, நீங்க கொண்டு போங்கோ. ஒண்டு மட்டும். அவன் உங்களை அம்மா எண்டு கூப்பிட வேணும். பெட்டியை அங்கேயே விட்டிட்டுப் போங்கோ."

"உனக்கு விசரே? பெத்தவள் நீ இருக்க..."

"பெட்டி தூக்காது அக்கா."

அவர் அழுதார். பிள்ளை இறந்த அடுத்த நாள் என் பக்கத்தில் இருந்தபோது அழாதவர். "நீ வந்து கேட்டா நான் தர வேணுமெல்லே? அப்ப என்னால தர ஏலாமப் போனா?" என்றார். "அப்ப ரெண்டு பேரும் வைச்சிருப்பம்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியாது.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கு எடுத்த போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க யாரும் இல்லை. கூரையில் கீறிய சிலுவையும் வாங்கும் அந்த நீள வார்டும் என்ன ஆனதோ, இந்தக் கடிதம் எழுதுகிற இன்றுவரை செய்தி இல்லை. சிஸ்டர்மார் மடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று மட்டும் ஒரு பெண் சொன்னாள். வள்ளத்தைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த நாட்களில் நான் குளியலறைத் தண்ணீரைப் பார்த்தாலே பயந்தேன். அக்கா தினமும் இன்டர்நெட்டில் பார்த்து, "ஒண்ணும் கெட்ட நியூஸ் இல்ல" என்பார். நல்லது இருக்கிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. நிவேதா கேலி செய்வதை விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

உனக்கு நான் சொல்ல வருவது இதுதான். நீ ஒரு நாள் என்னைத் தேடி வரலாம், நானே உன்னிடம் வரலாம். அப்போது உனக்கு முன்னால் இரண்டு பேர் நிற்போம். என் மனம் நோகும் என்று நினைத்து, பரமக்காவை அம்மா என்று கூப்பிடுவதை எனக்கு முன்னால் விழுங்காதே. அவரை விட்டுவிட்டு என் பக்கம் வந்து நிற்காதே. உனக்கு என்னோடு கதைக்கப் பிடித்தால் கதை. பிடிக்காவிட்டால் கொஞ்ச நேரம் சும்மா இரு, எனக்கு அது பழக்கம். அவர் உன்னைத் திருடவில்லை. நான் உன்னை வீசவும் இல்லை. இந்த இரண்டையும் உனக்கு யாராவது மாற்றிச் சொன்னால் நம்பாதே.

போன செவ்வாய்க்கிழமை மாலை, நான் பருப்பை அடுப்பில் வைத்திருந்தபோது, வீட்டுப் போன் அடித்தது. அக்கா எடுத்துக் கேட்டுவிட்டு என் கையில் கொடுத்தார். பரமக்கா. மண்டபத்தில் ஒரு கடையிலிருந்து. "வந்து சேந்திட்டம் பிள்ளை. வள்ளக்காரர் நடுக்கடல் மணல் திட்டியில இறக்கி விட்டிட்டுப் போட்டாங்கள். வெயிலுக்க ஒரு பகல் கிடந்தம். இஞ்சத்தைய மீன்காரர் வந்து ஏத்தினவை. பிள்ளைக்குக் கொஞ்சம் காய்ச்சல், வேற ஒண்டுமில்ல."

அவருடைய குரலுக்குப் பின்னால் ஒரு சின்னக் குரல் யாரையோ கூப்பிட்டது. "அம்மா." பிறகு இன்னும் உரக்க, இழுத்து, "அம்மா."

"ஆரைக் கூப்பிடுறான் அக்கா?"

நீ அழத் தொடங்கினாய். "என்னைத்தான்" என்றார், களவு பிடிபட்டவர் மாதிரி.

"அப்ப ஏன் என்னோட கதைச்சுக்கொண்டு நிக்கிறியள்? போய்த் தூக்குங்கோ."

அவர் போனை வைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போனார். நான் காதில் அழுத்திக்கொண்டு நின்றேன். உன் அழுகை தூரத்திலிருந்து கேட்டது, பிறகு விக்கலாகியது, பிறகு நின்றது. கடைக்காரர் யாரோ ரிசீவரை எடுத்து வைத்துவிட்டார்.

"யாரு போன்ல?" என்று கேட்டுக்கொண்டே நிவேதா அறையிலிருந்து வந்தாள்.

"என்ட மகன்ட அம்மா" என்றேன்.

சொல்லும்போது என் குரல் நடுங்கவில்லை, மகன்.